குளிரில் கம்மிய பாட்டு



மார்கழி மாதம். விடியற்காலை நேரம். தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு அம்மா பாட்டிலைக் கவிழ்க்கிறார். எண்ணெய் வரவில்லை. உள்ளே வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

"எண்ணெய் கெட்டுப் போச்சு" என்று அதைக் கொட்டிவிடுவாரா? மாட்டார். பாட்டிலைச் சற்று நேரம் வெயிலில் வைப்பார். எண்ணெய் இளகும். பழையபடி ஓடும்.

குளிரில் எண்ணெய் மாறியது. ஆனால் கெடவில்லை. மாறுவது வேறு, கெடுவது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு முழுவதும் அதைப் பற்றியதுதான்.

தேங்காய் எண்ணெய் மட்டுமா மாறுகிறது? கடும் குளிரில் டீசல் கூடக் கெட்டியாகும். லடாக்கில் லாரிகள் இதனால் நின்றுபோனது உண்டு. 2019-ஆம் ஆண்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கு என்றே தனி டீசல் கொண்டு வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை அது கெட்டியாகாது.

தண்ணீர் உறையும் குளிரைப் பூஜ்யம் டிகிரி என்கிறோம். அதைவிடக் குளிர் கூடினால் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு போடுவார்கள். அதை மைனஸ் என்று படிக்க வேண்டும். மைனஸ் 10 என்றால் தண்ணீர் உறையும் குளிரைவிட இன்னும் 10 டிகிரி கீழே. சென்னையில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரி இருக்கும். அதிலிருந்து 40 டிகிரி இறங்கினால்தான் மைனஸ் 10 வரும்.

அப்படிப்பட்ட குளிரில் கார் ஓட்டிப் பிழைக்கிற ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

மலையில் ஒரு ஓட்டுநர்

இமாச்சலப் பிரதேசத்தில் மணாலி என்று ஓர் ஊர். ஊட்டியைவிடச் சற்றுத் தாழ்வான ஊர்தான். ஆனால் வெகு வடக்கே இருக்கிறது. அதனால் குளிர்காலத்தில் அங்கே பனி கொட்டும்.

மணாலிக்கு அப்பால் ரோதாங் கணவாய். அதையும் தாண்டினால் லாஹௌல் பள்ளத்தாக்கு. முன்பெல்லாம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் கணவாயைப் பனி மூடிவிடும். லாஹௌல் மக்கள் வெளியே வர வழி இருக்காது. 2020 அக்டோபர் 3-ஆம் நாள் மலையைக் குடைந்து போட்ட அடல் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். அதன் நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இப்போது பெரும்பனி கொட்டும் நாள்களைத் தவிர, குளிர்காலத்திலும் வண்டிகள் போய் வருகின்றன.

மணாலியிலிருந்து லாஹௌலில் உள்ள கேலாங் என்னும் ஊருக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அந்தப் பாதையில் டாக்சி ஓட்டினார் ஓர் இளைஞர். கடன் வாங்கி வாங்கிய கார். மாதா மாதம் தவணை கட்ட வேண்டும்.

அவருக்குப் பாட்டு என்றால் உயிர். அதிலும் மேளச் சத்தம் அதிகமாக வேண்டும். காரின் முன் கதவுகளில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தன. அது போதாது என்று பின்னால் டிக்கியில் ஒரு பெரிய பெட்டி வைத்தார். பெட்டிக்குள் பெரிய ஸ்பீக்கர். "டம், டம்" என்று அடி விழுந்தால் நெஞ்சிலே வந்து இடிக்கும். இந்தக் கனத்த சத்தத்தைத்தான் பேஸ் என்கிறார்கள்.

ஒரு ஜனவரி மாதக் காலை. இரவெல்லாம் பனி பெய்திருந்தது. அவர் காரை எடுத்தார். பாட்டைப் போட்டார். பாடுகிறவரின் குரல் கேட்டது. புல்லாங்குழல் கேட்டது. "டம், டம்" மட்டும் இல்லை. மரப்பலகையைத் தட்டியது போல "டொக், டொக்" என்றது.

சத்தத்தைக் கூட்டினார். மேளம் வரவில்லை. கரகரப்புத்தான் வந்தது.

பதறிப்போனார். ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு நிமிடம் கேட்டார். "பெட்டி ஸ்பீக்கர் போய்விட்டது. புதிது போட எட்டாயிரம் ரூபாய் ஆகும்" என்றார்.

ஓட்டுநரின் சட்டைப் பையில் ஏறத்தாழ அவ்வளவு பணம் இருந்தது. ஆனால் அது தவணைப் பணம்.

உஸ்தாத் சொன்ன வைத்தியம்

வடக்கே மூத்த மெக்கானிக்கை மரியாதையாக உஸ்தாத் என்று அழைப்பார்கள். கடைத்தெரு முனையில் வயதான உஸ்தாத் ஒருவர் இருந்தார். ஓட்டுநர் அவரிடம் போய் நின்றார்.

"உஸ்தாத், எட்டாயிரம் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

"ராத்திரி வண்டி எங்கே நின்றது, தம்பி?"

"வெளியேதான். பனியில்."

"காலையில் நீ படுக்கையை விட்டு எழுந்ததும் கை விரல் மடங்கியதா?"

"எங்கே மடங்கியது? மரத்துப் போயிருந்தது. டீ கிளாஸைப் பிடித்த பிறகுதான் சரியானது."

உஸ்தாத் சிரித்தார். "உன் ஸ்பீக்கருக்கு இன்னும் டீ கிடைக்கவில்லை. அவ்வளவுதான். எஞ்சினைப் போடு. ஹீட்டரைப் போடு. பின்சீட்டை மடக்கிவிடு. சூடு டிக்கிக்குப் போகட்டும். பாட்டைச் சின்னதாக வை. ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வா."

ஓட்டுநர் அப்படியே செய்தார். கால் மணி நேரத்தில் கதவு ஸ்பீக்கர்கள் சரியாயின. பெட்டி அப்போதும் மந்தமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதிலும் அடி கனத்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது பழைய "டம், டம்" வந்துவிட்டது.

எட்டாயிரம் ரூபாய் பையிலேயே இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

உஸ்தாத் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே கறுப்பாக, புனல் போல ஒன்று இருந்தது.

"பாட்டை நிறுத்தி, நடுவிலே மெதுவாக அழுத்திப் பார்" என்றார்.

ஓட்டுநர் விரல்களால் மெல்ல அழுத்தினார். புனல் உள்ளே போனது. விட்டதும் வெளியே வந்தது.

"இது உள்ளும் வெளியும் ஆடுவதுதான் பாட்டு" என்றார் உஸ்தாத்.

எல்லாச் சத்தமும் அதிர்வுதான். தவிலை அடித்தால் தோல் அதிர்கிறது. தோல் காற்றைத் தள்ளுகிறது. காற்று காதைத் தொடுகிறது. ஸ்பீக்கரில் தோலுக்குப் பதில் இந்தப் புனல் ஆடுகிறது. புனலின் அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதைச் சுற்றிக் காந்தம் இருக்கிறது. சுருளில் மின்சாரம் போகும்போது காந்தம் அதைத் தள்ளும், இழுக்கும். சுருளோடு சேர்ந்து புனலும் ஆடும்.

புனல் கீழே விழாமல் அதைப் பிடித்திருப்பது எது? விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். சில ஸ்பீக்கரில் அது பஞ்சு போன்ற நுரைப் பொருளால் இருக்கும். புனலுக்கு அடியில் மடிப்பு மடிப்பாக ஒரு விறைப்பான துணி வளையம். இந்த இரண்டும்தான் புனலைத் தாங்குகின்றன. இவை நெகிழ்ந்து கொடுத்தால்தான் புனல் ஆடும்.

குளிரில் ரப்பர் என்ன ஆகும்? விறைக்கும். துணி வளையமும் விறைக்கும். புனல் முன்பு போலத் தாராளமாக ஆட முடியாது.

இங்கே ஒரு கேள்வி வரும். குழலும் குரலும் நன்றாகக் கேட்டன. மேளம் மட்டும் ஏன் போனது?

மனிதர் காதுக்குக் கேட்கும் சத்தம் ஒரு விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரை. கீச்சென்ற சத்தத்துக்கு அதிர்வு ஆயிரக்கணக்கில் இருக்கும். கனத்த மேளத்துக்கு விநாடிக்கு 50, 60, 80 என்றுதான் இருக்கும்.

வேகமாக அதிரும் சத்தத்துக்குப் புனல் மயிரிழை அளவு அசைந்தால் போதும். கனத்த சத்தத்துக்கு அப்படி இல்லை. மெதுவாக ஆட வேண்டும். ஆனால் நீளமாக ஆட வேண்டும். நிறையக் காற்றைத் தள்ள வேண்டும்.

குளிரில் மரத்த கையால் விரலை லேசாக அசைக்கலாம். ஆனால் கையை வீசி உலக்கை குத்த முடியுமா? ஸ்பீக்கரும் அப்படித்தான். சின்ன அசைவு வரும். பெரிய அசைவு வராது. அதனால் குழல் பிழைக்கிறது. மேளம் மங்குகிறது.

வண்டியில் சூடு ஏறினால் ரப்பர் இளகும். பாட்டு ஓட ஓடச் செம்புச் சுருளும் சூடாகும். புனல் ஆட ஆட வளையங்களும் நெகிழும். மேளம் திரும்பி வரும்.

கதவு ஸ்பீக்கர் சீக்கிரம் சரியானது. டிக்கிப் பெட்டிக்கு நேரம் ஆனது. ஏன்? ஹீட்டரின் சூடு முதலில் முன்பக்கம்தான் வரும். டிக்கிக்குக் கடைசியில்தான் போகும்.

நம் ஊரில் பறை அடிப்பவர்கள் என்ன செய்வார்கள்? அடிக்கும் முன் பறையைத் தீயில் காய்ச்சுவார்கள். ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். சூட்டில் இறுகும். ஸ்பீக்கரில் இது தலைகீழ். குளிரில் இறுகுகிறது, சூட்டில் தளர்கிறது. பறைக்கும் ஸ்பீக்கருக்கும் சூடுதான் வைத்தியம். ஆனால் ஒன்று. ஸ்பீக்கரைத் தீயில் காட்டக் கூடாது. ரப்பரும் பசையும் உருகிவிடும். வண்டியின் இளஞ்சூடு போதும்.

சத்தத்தைக் கூட்டினால் என்ன?

"வராத மேளத்தை வரவழைக்கச் சத்தத்தைக் கூட்டினேனே, அது தப்பா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"பட்டினி கிடந்த மாட்டை அடித்து ஏர் ஓட்டலாமா?" என்று கேட்டார் உஸ்தாத்.

விறைத்த ரப்பரைப் பலமாக இழுத்தால் விரிசல் விடலாம். பழைய ரப்பராக இருந்தால் கிழியவும் செய்யலாம். அளவுக்கு மேல் மின்சாரம் போனால் செம்புச் சுருள் கருகும். அப்போது ஸ்பீக்கர் உண்மையாகவே கெட்டுவிடும். குளிர் அதைக் கெடுக்கவில்லை. அவசரம் கெடுத்தது.

மாறியதா, கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டி நன்றாகச் சூடான பிறகு கேட்க வேண்டும். மேளம் திரும்பி வந்தால் பழுது இல்லை. சூடான பிறகும் கரகரத்தால் பழுது இருக்கலாம். புனலை மெல்ல அழுத்தும்போது உள்ளே உரசல் சத்தம் வந்தாலும் பழுதுதான். அப்போது கடைக்குப் போகலாம்.

வண்டி கிளம்பாத காலை

ஸ்பீக்கர் சங்கதி ஓட்டுநருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இன்னொரு சங்கதி புரியவில்லை. அது பேட்டரி.

அடுத்த வாரம் அவர் கேலாங்குக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தங்கினார். பயணிகளை இறக்கிவிட்டாகிவிட்டது. மறுநாள்தான் திரும்ப வேண்டும். தெரிந்த ஒரு வீட்டில் இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டில் வயதான பாட்டி ஒருவர் இருந்தார். ஓட்டுநருக்குச் சூடாகச் சூப் கொடுத்தார்.

சாப்பிட்ட பின் ஓட்டுநர் காரில் போய் உட்கார்ந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டார். எஞ்சினைப் போடவில்லை. பாட்டை மட்டும் போட்டார். நாலு மணி நேரம் கேட்டார். பிறகு வீட்டுக்குள் போய்ப் படுத்தார்.

விடிவதற்கு முன் யாரோ உலுக்கினார்கள். பாட்டிக்கு மூச்சுத் திணறுகிறது. கேலாங் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓட்டுநர் ஓடினார். சாவியைத் திருகினார். "டிக்" என்று ஒரு சத்தம். மறுபடி திருகினார். "டிக்." அவ்வளவுதான். எஞ்சின் அசையவில்லை.

பாட்டியைக் கம்பளியில் சுற்றி வாசல் வரை தூக்கி வந்துவிட்டார்கள். எல்லோரும் ஓட்டுநரைப் பார்த்தார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் ஜீப் இருந்தது. அவர் இரவில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொள்பவர். குளிர் ஊர்களில் பலர் இப்படிச் செய்வது உண்டு. அவரை எழுப்பினார்கள். பேட்டரியை மாட்டினார்கள். ஜீப் கிளம்பியது. இதற்கே அரை மணி நேரம் போய்விட்டது.

பாட்டி பிழைத்துக்கொண்டார். "இனிமேல் இப்படி ஆனால் உடனே கூட்டி வாருங்கள்" என்று டாக்டர் சொன்னார். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

பேட்டரிக் கணக்கு

மணாலிக்குத் திரும்பியதும் நேராக உஸ்தாதிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

உஸ்தாத் பானட்டைத் திறந்தார். பேட்டரியைத் துடைத்தார். "இதன் மேலே எழுதியிருப்பதைப் படி" என்றார்.

மேலே 12 என்று இருந்தது. அது வோல்ட். பக்கத்தில் 60 என்று இருந்தது. அது பேட்டரியின் கொள்ளளவு. குடத்துக்கு லிட்டர் கணக்குப் போல, பேட்டரிக்கு ஆம்பியர் மணிக் கணக்கு. 60 என்றால் அந்தப் பேட்டரியில் 60 பங்கு மின்சாரம் கொள்ளும் என்று வைத்துக்கொள்ளலாம்.

"உன் பாட்டுப் பெட்டி மணிக்கு ஐந்து பங்கு குடிக்கும் என்று வைத்துக்கொள். நாலு மணி நேரத்துக்கு எவ்வளவு?"

"இருபது."

"அறுபதில் இருபது போனால்?"

"நாற்பது மிச்சம். போதுமே, உஸ்தாத்! பிறகு ஏன் வண்டி கிளம்பவில்லை?"

"நீ வெயில் காலக் கணக்குப் போடுகிறாய். குளிர்காலக் கணக்கு வேறு."

பேட்டரிக்குள் ஈயத் தகடும் அமிலமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்துதான் மின்சாரம் தருகின்றன. குளிரில் இந்த வேலை மந்தமாகும். பூஜ்யம் டிகிரியில் பேட்டரியின் பலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மைனஸ் 18, மைனஸ் 20 டிகிரியில் ஏறத்தாழப் பாதிதான் கிடைக்கும்.

அப்படியானால் அந்தக் கடும் குளிரில் 60 என்பது 30 ஆகிவிடும். அதில் பாட்டு 20-ஐக் குடித்தது. மிச்சம் 10. பேட்டரி பழையதாக இருந்தால் அதுவும் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குளிரில் எஞ்சின் ஆயில் குழம்பு போலக் கெட்டியாகிவிடும். எஞ்சினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டும். கையிருப்பு குறைந்தது. தேவை கூடியது. வண்டி எப்படிக் கிளம்பும்?

"பேட்டரி எப்போது வாங்கியது? காரண்டி அட்டையை எடு" என்றார் உஸ்தாத்.

அட்டை காரிலேயே கிடந்தது. வாங்கிய நாள் முதல் ஓட்டுநர் அதைப் பிரித்ததே இல்லை. இப்போது தேதியைப் படித்தார். விரல் விட்டு எண்ணினார். நாலு வருடம் முடிந்திருந்தது. காரண்டிக் காலமும் முடிந்திருந்தது.

"எட்டாயிரத்தை வைத்திருக்கிறாய் அல்லவா? அடுத்த குளிருக்குள் பேட்டரிக்குச் செலவு செய். ஸ்பீக்கருக்கு வேண்டாம்" என்றார் உஸ்தாத்.

சார்ஜ் இறங்கிய பேட்டரிக்கு வேறு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜ் இருந்தால் உள்ளே இருக்கும் அமிலம் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. சார்ஜ் இறங்கிவிட்டால் அமிலம் தண்ணீர் போல ஆகிவிடும். மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறையும். உறைந்தால் பேட்டரியின் பெட்டி வெடிப்பு விடும். உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவோ வேறு வண்டியிலிருந்து கம்பி போட்டு இழுக்கவோ கூடாது. அது வெடிக்கக்கூடும்.

எஞ்சினைப் போட்டுக்கொண்டு தூங்கலாமா?

"இனிமேல் எஞ்சினைப் போட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கிறேன். ஹீட்டரும் ஓடும். ராத்திரி காரிலேயே தூங்கிவிடுகிறேன்" என்றார் ஓட்டுநர்.

உஸ்தாத் கையை உயர்த்தி நிறுத்தினார். "அதை மட்டும் செய்துவிடாதே, தம்பி!"

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணமும் இல்லை. வண்டியின் பின்னால் பனி குவிந்து புகைக்குழாயை அடைத்தால் அந்த வாயு வண்டிக்குள் வரும். மூடிய இடத்தில் எஞ்சினை ஓட விட்டாலும் வரும். முதலில் தலை வலிக்கும். மயக்கம் வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போகும். மூடிய காருக்குள்ளோ அறைக்குள்ளோ கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்கினாலும் இதே ஆபத்துதான்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானில் முர்ரீ என்ற மலையூரில் பெரும் பனி பெய்தது. சுற்றுலா வந்தவர்களின் வண்டிகள் சாலையில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எஞ்சினை ஓட விட்டு வண்டிக்குள் இருந்தவர்களில் சிலர் இந்த வாயுவால் இறந்ததாகச் செய்திகள் கூறின.

ஓட்டும்போது பாட்டுக் கேட்கலாம். தூங்குவதற்கு வீடு இருக்கிறது. கம்பளி இருக்கிறது.

நினைவில் வைக்க வேண்டியவை

உஸ்தாத் சொன்னவற்றை ஓட்டுநர் ஒரு தாளில் எழுதி, காரின் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவைத்தார். அதில் எழுதியிருந்தது இதுதான்.

1. குளிர்ந்த வண்டியில் பாட்டைச் சின்னதாகத் தொடங்கு. வண்டி சூடான பிறகு கூட்டு.

2. மேளம் மந்தமாக இருந்தால் ஒரு மணி நேரம் பொறு. அதன் பிறகு கடைக்குப் போவதா என்று முடிவு செய்.

3. எஞ்சின் நின்றால் பாட்டும் நிற்கட்டும்.

4. மேள அடி விழும்போது முன்விளக்கு மங்கினால் பேட்டரியையும் கம்பி இணைப்புகளையும் பார்.

5. பேட்டரி வாங்கிய தேதியைப் படி. குளிர்காலம் வருமுன் கடையில் காட்டிச் சோதித்துக்கொள்.

6. பனியில் நனைந்த காலணியையும் ஈரத் துணியையும் ஸ்பீக்கர் பெட்டி மேல் வைக்காதே. சில புனல்கள் காகிதத்தால் ஆனவை. ஈரம் ஊறினால் நைந்துவிடும்.

7. எஞ்சின் ஓடும் வண்டியில் தூங்காதே.

நம் ஊருக்கு இது எதற்கு?

இமயமலைக் குளிர் நமக்கு இல்லையே என்று யாராவது கேட்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊட்டியில் சில நாள் விடியலில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டி வடக்கே போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும்.

மற்றவர்களுக்கும் பயன் உண்டு. பம்பு செட் மோட்டார் ஒரு நாள் ஓடாது. தையல் மிஷின் ஒரு நாள் இறுகும். "போய்விட்டது, புதிது வாங்கு" என்று சொல்ல ஆள் இருப்பார். அந்த நேரத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இது கெட்டுவிட்டதா? அல்லது வெயிலாலோ, மழையாலோ, குளிராலோ மாறியிருக்கிறதா? கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் பதில் தெரியும். பொருளோடு வந்த அட்டையைப் படித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தேதியும் எண்ணும் அதில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

அந்த ஓட்டுநர் இப்போதும் பாட்டுக் கேட்கிறார். மேளச் சத்தம் இன்னும் அவருக்குப் பிடிக்கும். ஆனால் லாஹௌலில் இரவு தங்கினால், காரை நிறுத்தியதும் பாட்டையும் நிறுத்திவிடுகிறார். பேட்டரியைக் கழற்றுகிறார். சாக்கில் சுற்றி, நெருப்புக்கு எட்டாத மூலையாகப் பார்த்து வீட்டுக்குள் வைக்கிறார்.

"என்னப்பா, இன்றைக்குப் பாட்டு இல்லையா?" என்று பாட்டி கேட்கிறார்.

"காலையில் வண்டி கிளம்பட்டும், பாட்டி. பிறகு போடுகிறேன்" என்கிறார் ஓட்டுநர்.



கூடிப் பேசுங்கள்

குளிரில் குழலோசை கேட்டது, மேளம் கேட்கவில்லை. ஏன்?

60 பங்கு கொள்ளும் பேட்டரி குளிரில் பாதியானது. பாட்டுப் பெட்டி மணிக்கு 5 பங்கு குடிக்கிறது. மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் மிச்சம் எவ்வளவு?

உங்கள் வீட்டில் கெட்டுவிட்டது என்று நினைத்த பொருள் எதுவாவது தானாகச் சரியானது உண்டா? அது ஏன் என்று யோசியுங்கள்.